ஒரு புள்ளிக்காக வாங்கிய பைனாகுலர்

பல வருடம் அச்சுப்பிழை திருத்தியவன் நான். புள்ளி விழுந்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. விழுந்தால் மெய், விழாவிட்டால் உயிர்மெய். ஸ்கிப்பர் பட்டாம்பூச்சிகளிடம் போய் மாட்டிக்கொண்டதற்கும் அந்தப் பழக்கம்தான் காரணமாக இருக்கும்.

ரைஸ் ஸ்விஃப்ட், ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட் என்ற இரண்டு ஸ்கிப்பர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பழுப்பு. இரண்டுக்கும் முன்னிறக்கையில் கண்ணாடிச் சில்லு பதித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள். இறக்கையை மூடி உட்கார்ந்தால் வெறுங்கண்ணுக்கு எது எது என்று தெரியாது. பின்னிறக்கையின் அடிப்புறத்தில் புள்ளிகள் வளைவாக ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசைக்கு உள்ளே, உடம்பை நோக்கி, நடு அறையில் (நரம்புகள் சூழ்ந்த நடுப்பகுதி) தனியாக ஒரு சின்னப் புள்ளி நின்றால் ஸ்மால் பிராண்டட். அந்த இடம் காலியாக இருந்தால் ரைஸ் ஸ்விஃப்ட். கடுகில் பாதிகூட இல்லாத அந்த ஒற்றைப் புள்ளிக்காகத்தான் பென்டாக்ஸ் பாப்பிலியோ 2 பைனாகுலர் வாங்கினேன், 6.5×21 மாடல் (6.5 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 21 மில்லிமீட்டர்).

சாதாரண 8×42 பைனாகுலர் பலவற்றுக்கும் இரண்டு, மூன்று மீட்டருக்கு உள்ளே வந்தால் ஃபோகஸ் கிடைக்காது. இது அரை மீட்டர் வரை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 சென்டிமீட்டரில் இருப்பதை 6.5 மடங்கு பெரிதாகப் பார்ப்பது, கண்ணை ஏழெட்டு சென்டிமீட்டர் கிட்டே கொண்டுபோனதற்குச் சமம். அவ்வளவு கிட்டத்தில் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது, ஸ்கிப்பரும் காத்துக்கொண்டிருக்காது. ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது முன்பக்க லென்ஸ் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. அதனால்தான் இவ்வளவு அருகிலும் இரண்டு கண்ணின் காட்சியும் ஒட்டி நிற்கிறது.

முதல் வாரம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது. பூச்சியைப் பார்த்தவுடன் பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்து, பிறகு சக்கரத்தைத் திருப்பினேன். அரை மீட்டரில் தெரிகிற வட்டத்தின் அகலமே ஆறரை சென்டிமீட்டர்தான். பட்டாம்பூச்சி அதில் பாதியை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கை விலகினாலும் புல்தான் தெரியும், அதுவும் பச்சைச் சுவர் மாதிரி. இப்போது முதலிலேயே ஒரு மீட்டருக்கு ஃபோகஸ் வைத்துக்கொண்டு, கண்ணில் ஒட்டியபடியே உடம்பை முன்னே சாய்க்கிறேன். முழங்கை தொடையில் ஊன்றியிருக்க வேண்டும். நண்பர் ஒருவரின் 8.5×21 மாடலையும் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். புள்ளி பெரிதாகத் தெரிகிறது, கூடவே என் கைநடுக்கமும். வட்டமும் ஐந்து சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. காபியைக் குறைக்க முடியாதவர்கள் 6.5 எடுங்கள்.

இந்தக் கருவிக்கு ஏற்ற சமயம் எது தெரியுமா? பறவை எச்சம்! எச்சத்தில் உட்கார்ந்த ஸ்கிப்பர் சீக்கிரம் நகராது. காய்ந்த எச்சமாக இருந்தால் வயிற்றை வளைத்து, தன் உடம்பிலிருந்தே ஒரு சொட்டு விட்டு நனைத்து, அதைத் திரும்ப உறிஞ்சும். அசிங்கம்தான், ஆனால் ஐந்து நிமிடம் ஆடாமல் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் புள்ளி மட்டுமல்ல, கொக்கி போல வளைந்த உணர்கொம்பு நுனி, அளவுக்கு மீறிப் பெரிய கறுப்புக் கண், கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரடர்ந்த உதட்டுறுப்பு எல்லாம் பார்க்கலாம். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் இறக்கைகளின் ஆழம் தெரிகிறது. வெயில் காயும்போது பின்னிறக்கையைத் தட்டையாக விரித்து, முன்னிறக்கையை மட்டும் பாதி தூக்கி ஜெட் விமானம் போல உட்காரும் அல்லவா, அந்த அடுக்கு எந்தப் புகைப்படத்திலும் எனக்கு இப்படிக் கிடைத்ததில்லை.

விரித்து உட்காரும் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பதில் லாபம் இருக்கிறது. ஸ்மால் பிராண்டட் ஆணின் முன்னிறக்கை மேற்புறத்தில் சாய்வாக ஒரு மெல்லிய கோடு ஓடும். அதுதான் பெயரில் உள்ள பிராண்ட். முன்னிறக்கையின் நடு அறையில் உள்ள இரண்டு புள்ளிகளையும் சேர்த்து மனதில் ஒரு கோடு இழுத்து நீட்டுங்கள். அது இந்தச் சாய்கோட்டை வெட்டினால் பெலோபிடாஸ் மத்தியாஸ், அதாவது ஸ்மால் பிராண்டட். முனையைத் தொட்டும் தொடாமலும் விலகிப் போனால் அதன் உறவுக்காரன் பெலோபிடாஸ் அக்னா. இதை நேரில் பைனாகுலரில் தீர்மானித்தது இதுவரை இரண்டே முறை. மற்ற நேரமெல்லாம் கோடு இழுப்பதற்குள் பறந்துவிட்டது.

தீராத வழக்குகளும் உண்டு. ஆரஞ்சும் கறுப்புமான பொடாந்தஸ் டார்ட் என்ற ஸ்கிப்பர்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கு எந்த பைனாகுலரும் உதவாது. செதில் உதிர்ந்த கிழட்டு ஸ்விஃப்டும் அப்படித்தான்: புள்ளி இல்லையா, இருந்து தேய்ந்துபோனதா? இங்கே ஒரு எச்சரிக்கை. நன்றாகத் தெரிகிறது என்பதாலேயே தெரியாததற்கும் பெயர் வைக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது. என் நோட்டில் பழைய பக்கங்களில் பாதியை அடித்துவிட்டு "ஏதோ ஒரு ஸ்விஃப்ட்" என்று திருத்தினேன். சொந்தப் புரூஃபைத் திருத்துவது என்றைக்குமே கசப்பு.

மற்றதெல்லாம் சுருக்கமாக. எடை 290 கிராம், கழுத்தில் தொங்குவதே தெரியாது. மூக்குக்கண்ணாடியோடு பார்க்க முடிகிறது. லென்ஸ் 21 மில்லிமீட்டர்தான் என்பதால் மாலை மங்கும்போது மங்கலாகவே தெரியும். இருட்டியதும் பறவை பார்க்கவும் வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. மழையில் நனையவிடக் கூடாது.

படம் எடுக்காது என்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. ஆனால் சாட்சி கேட்கும் நண்பர்கள் இருந்தால் கேமராவும் எடுத்துப் போங்கள். போன வாரம் அந்தத் தனிப் புள்ளியை அரை மீட்டரில் அப்பட்டமாகப் பார்த்தேன். கூட வந்தவரிடம் பைனாகுலரை நீட்டுவதற்குள் அது போய்விட்டது. அவர் நோட்டில் ரைஸ் ஸ்விஃப்ட், என் நோட்டில் ஸ்மால் பிராண்டட்.