கிடார் மெட்டுகளைச் சேமிக்க எது: ஆடாசிட்டியா, கேரேஜ்பேண்டா, ரீப்பரா?

2021 மழைக்காலத்தில் புது மடிக்கணினி வாங்கினேன். பழைய கணினியிலிருந்து படங்கள், பாடல்கள், அலுவலகக் கோப்புகள் எல்லாம் ஒரே இரவில் இடம் மாறிவிட்டன. மெட்டுகள் மட்டும் வரவில்லை. 2014 முதல் கிடாரில் தோன்றிய சின்னச் சின்ன மெட்டுகளை ஒரு மென்பொருளில் சேர்த்து வைத்திருந்தேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்தான். புதுக் கணினியில் அதை நிறுவி உரிமத்தைப் பதிவு செய்யப் போனால், சரிபார்க்கும் சர்வர் பதிலே சொல்லவில்லை. கோப்புகள் கையில் இருக்கின்றன, திறக்க வழியில்லை.

பழைய கணினியிலேயே ஒவ்வொரு மெட்டாகத் திறந்து, சாதாரண ஒலிக்கோப்பாக எடுக்கத் தொடங்கினேன். பன்னிரண்டாவது மெட்டு முடிந்தபோது அதன் ஹார்ட் டிஸ்க் நின்றுபோனது. மீதியில் இரண்டை மட்டும் என் விரல்கள் நினைவில் வைத்திருந்தன. மற்றவை போயின.

அடுத்த மென்பொருளைத் தேடியபோது எல்லோரும் கேட்கும் கேள்விகளை நான் கேட்கவில்லை. எத்தனை வாத்தியங்கள் வரும், எத்தனை எஃபெக்ட் வரும் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். இன்று இரவு பதிவு செய்யும் மெட்டை ஏழு வருடம் கழித்து, வேறொரு கணினியில், இந்த நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறக்க முடியுமா? அந்தக் கேள்விக்கு ஒத்துவந்தது ரீப்பர். நாலு வருடத்துக்கும் மேலாக அதில்தான் இருக்கிறேன். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ஆடாசிட்டியை அதற்கு முன்பிருந்தே பல வேலைகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். கேரேஜ்பேண்டை என் தங்கையின் மேக் கணினியில் மூன்று மாதம் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலித்தரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூன்றுமே 24 பிட்டில் சுத்தமாகப் பதிவு செய்யும். நம் வீடுகளில் பதிவைக் கெடுப்பது மென்பொருள் அல்ல, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. எலெக்ட்ரிக் கிடாரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் கேட்டால், எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதி தொல்லை அப்போதே போய்விடும். கிடாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் கிடாரைச் செருகும்போது அதற்குரிய இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். இவ்வளவுதான்.

ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டு வெளியானது. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இலவசம், திறந்த மூலம் (அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்), விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்தவுடன் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு தொடங்கிவிடும். கைபேசியில் அவசரமாக முனகி வைத்த மெட்டைக் கொண்டுவந்து முன்னும் பின்னும் வெட்டி, ஒலியளவைச் சரிசெய்ய இதைவிட விரைவான கருவி எனக்குத் தெரியாது. அந்த வேலைக்கு இன்றும் அதைத்தான் திறக்கிறேன். 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, பதிவான ஒலியை நிரந்தரமாக மாற்றாமல் எஃபெக்ட்டைப் போட்டுக் கேட்கவும் முடிகிறது.

ஆனால் அடிப்படையில் அது ஒலியைத் திருத்தும் கருவி. எலெக்ட்ரிக் கிடாரை நேராகக் கணினியில் செருகி வாசிக்கும்போது, ஆம்ப் பிளக்-இன் (ஆம்ப் போல ஒலிக்க மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) வழியாக அந்த ஒலியை அப்போதே ஹெட்போனில் கேட்க அதில் வழியில்லை. வெறும் கம்பிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசித்தால் கை வேறு மாதிரி வாசிக்கும்; கிடார்காரர்களுக்கு இது புரியும். டிரம்ஸ், பேஸ் போன்ற வாத்தியப் பிளக்-இன்களையும் அது ஏற்பதில்லை. ஒரு கிடார், ஒரு குரல் என்றால் போதும். மெட்டு பாடலாக வளரத் தொடங்கும் இடத்தில் அது நின்றுவிடும்.

கேரேஜ்பேண்ட் இதற்கு நேர் எதிர். 2004-இல் ஆப்பிள் வெளியிட்டது, மேக் வைத்திருப்பவர்களுக்கு இலவசம். திறந்த அரை மணி நேரத்தில் பாடல் போல ஒன்று கையில் இருக்கும். ஆம்ப், பெடல், பேஸ், கீபோர்டு எல்லாம் உள்ளேயே உண்டு. அதன் டிரம்மர் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இன்னும் கொஞ்சம் மென்மையாக, இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக என்று ஒரு புள்ளியை நகர்த்தினால் அதற்கேற்ப வாசிக்கிறார். தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து மெட்டமைப்பவருக்கு அப்படி ஒரு துணை கிடைப்பது பெரிய விஷயம். தங்கையும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பல்லவியும் ஒரு சரணமும் முடித்துவிட்டோம். அந்த வேகத்தை ரீப்பரில் நான் இன்றுவரை எட்டியதில்லை.

எனக்கு இடறிய இடம் தாளம். நான் வைத்திருந்த ஒரு மெட்டில் பல்லவி 6/8, சரணம் 4/4. கேரேஜ்பேண்டில் ஒரு புராஜெக்டுக்கு ஒரே தாள அளவுதான். வேகத்தை நடுவில் மாற்றலாம், தாள அளவை மாற்ற முடியாது. மெட்ரோனோமை அணைத்துவிட்டு வாசித்துச் சமாளித்தோம், ஆனால் டிரம்மரை அங்கே கைவிட வேண்டியதாயிற்று. பிறகு இன்னொன்று: அது மேக்கிலும் ஐபோன், ஐபேடிலும் மட்டுமே ஓடும். என் கணினி விண்டோஸ். எனக்கான முடிவு அங்கேயே பாதி ஆகிவிட்டது.

இனி ரீப்பர். 2000-களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டரில் பாட்டுக் கேட்டவர்கள் வின்ஆம்ப்பை மறந்திருக்க மாட்டார்கள். அதை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் பின்னர் காக்கோஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி இதை உருவாக்கினார். முதல் முழுப் பதிப்பு 2006-இல் வந்தது. முதல் வாரம் கடினம் என்பதை மறைக்கப் போவதில்லை. திரை சாம்பல் நிறத்தில் வறண்டு கிடக்கும், மெனுக்கள் நீளமானவை, வலது கிளிக் செய்த இடமெல்லாம் ஒரு பட்டியல் விரியும். டிரம்ஸ் ஒலி எதுவும் உடன் வராது. நான் எம்.டி. பவர் டிரம்கிட் என்ற இலவசப் பிளக்-இன்னையும், ஆம்ப்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்த மூலப் பிளக்-இன்னையும் தேடிச் சேர்த்தேன். இந்தத் தேடலே இரண்டு மூன்று மாலைகளைத் தின்றுவிடும்.

அந்த வாரம் கடந்தபின் கிடைப்பது வேறு. இன்டர்ஃபேஸுக்குரிய, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்து, பஃபரை (ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அனுப்பும் இடைநிறுத்தம்) 128 சாம்பிளாகவும் பதிவை 48 கிலோஹெர்ட்ஸாகவும் வைத்தால் அந்த பஃபர் சேர்க்கும் தாமதம் 2.7 மில்லிசெகண்ட்தான். போகவர மொத்தத் தாமதம் இதைவிடக் கூடுதல் என்றாலும், ஆம்ப் ஒலியைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும்போது விரலுக்கும் காதுக்கும் இடையே இடைவெளியை நான் உணர்ந்ததில்லை. பல்லவி, இடையிசை, சரணம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ரீஜன் போட்டு, தமிழிலேயே பெயரிட்டு, நிறம் கொடுத்துவிடுவேன். ரீஜனைப் பிடித்து இழுத்தால் அதற்குள் இருக்கும் எல்லா டிராக்கும் கூடவே நகரும். முதல் சரணத்தை இரண்டாவதாக்கிப் பார்ப்பதற்கு ஐந்து நொடி போதும். தாள அளவை எந்த இடத்தில் வேண்டுமானாலும் மாற்றலாம். அந்த 6/8 மெட்டு இங்கேதான் முடிந்தது.

தங்கைக்குச் சுருதி பொருந்தாமல் போனபோதும் கைகொடுத்தது. டி கார்டில் தொடங்கும் ஸ்ட்ரம்மிங்கை மூன்று அரைச்சுரம் ஏற்றி எஃப்புக்குக் கொண்டுபோய்ப் பாடச் சொன்னேன். இயந்திரம் ஏற்றிய ஒலி கொஞ்சம் செயற்கையாக இருந்தது. ஆனால் கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மூன்றாம் ஃபிரெட்டில் மாட்டிப் புதிதாகப் பதிவு செய்வதற்கு முன்னால் எந்தச் சுருதி என்று முடிவெடுக்க அது போதும்.

இத்தனையும் இருந்தும் நான் ரீப்பரில் தங்கியதற்குக் காரணம் இவை அல்ல. காரணம் அது எழுதும் கோப்பு.

ரீப்பரின் புராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கும். டெம்போ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 92, 6, 8 என்று மெட்டின் வேகமும் தாளமும் எழுதியிருக்கும். கீழே ஒவ்வொரு டிராக்கின் பெயர். அதன்கீழ் எந்த ஒலிக்கோப்பு, பாட்டின் எந்த நொடியில் தொடங்குகிறது, அந்தக் கோப்பின் எந்த நொடியிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதெல்லாம் எண்களாக இருக்கும். ஒலிகள் தனித்தனி வேவ் கோப்புகளாக அதே ஃபோல்டரில் கிடக்கும். ரீப்பர் என்ற மென்பொருளே உலகத்தில் இல்லாமல் போனாலும், அந்த எழுத்துகளைப் படித்து மெட்டை வேறு இடத்தில் மறுபடியும் கட்டிவிடலாம்.

சொல்வது எளிது என்பதால் செய்தும் பார்த்தேன். நான்கு டிராக் உள்ள ஒரு மெட்டை எடுத்துக்கொண்டேன். ரீப்பரைத் திறக்காமல், நோட்பேடில் எண்களைப் பார்த்து, ஆடாசிட்டியில் வேவ் கோப்புகளை ஒவ்வொன்றாக அந்தந்த நொடியில் வைத்தேன். ஒரு மாலை முழுவதும் ஆனது. எஃபெக்ட்கள் இல்லை, ஒலியளவுகள் கொஞ்சம் முன்பின். மற்றபடி மெட்டு அப்படியே இருந்தது. 2021-இல் நான் இழந்த முப்பதையும் இப்படி ஒரு மென்பொருளில் வைத்திருந்தால் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

மற்ற இரண்டையும் இதே தராசில் வையுங்கள். ஆடாசிட்டி முன்பு ஒரு சிறு கோப்பும், நூற்றுக்கணக்கான துண்டுகள் அடங்கிய ஒரு ஃபோல்டருமாகச் சேமித்தது. 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பு, உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளம். ஃபோல்டர் தொலையும் அபாயம் ஒழிந்தது, அது நல்ல மாற்றம். ஆனால் அந்தக் கோப்பை வெளியிலிருந்து சாதாரணமாகப் படிக்க முடியாது. பழுதானால் எல்லாம் ஒன்றாகப் பழுதாகும். திறந்த மூலம் என்பது இதற்கு ஒரு பெரிய ஆறுதல். யாராவது எப்போதும் அதைத் திறக்கும் நிரலை வைத்திருப்பார்கள். கேரேஜ்பேண்டின் கோப்பு உண்மையில் ஒரு பொதி. அதைப் பிரித்தால் பதிவு செய்த ஒலிகள் உள்ளே இருக்கும், ஆனால் எது எங்கே வரும் என்ற அமைப்பை ஆப்பிளின் மென்பொருள்தான் படிக்கும். டிராக்குகளைத் தனித்தனியாக வெளியே எடுக்கவும் ஒரே பொத்தான் கிடையாது. ஒவ்வொன்றாகத் தனியே ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

நிறுவனங்கள் கை மாறுவது இந்தத் துறையில் அரிதும் அல்ல. கேக்வாக் என்ற இசைப்பதிவு மென்பொருளை நான் பயன்படுத்தியதில்லை, ஆனால் அதன் வரலாறு எல்லோரும் அறிந்தது. 1987-இல் தொடங்கியது, 2013-இல் கிடார் தயாரிக்கும் கிப்சன் வாங்கியது, 2017 நவம்பரில் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு பேண்ட்லேப் என்ற நிறுவனம் வாங்கி உயிர்கொடுத்தது. அந்தச் சில மாதங்கள் அதில் பத்து, இருபது வருட வேலையை வைத்திருந்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

ரீப்பரிலும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புராஜெக்டைச் சேமிக்காமலே பதிவைத் தொடங்கினால், ஒலிகள் ஒரு பொது ஃபோல்டருக்குப் போய்விடும். ஆகவே கிடாரைத் தொடுவதற்கு முன்பே சேமித்துவிடுங்கள். சேமிக்கும் பெட்டியில், தனி ஃபோல்டர் உருவாக்கு என்பதையும் ஒலிகளை அதற்குள் நகலெடு என்பதையும் டிக் செய்யுங்கள். இன்னொன்று, பிளக்-இன்கள் மென்பொருளைவிட விரைவில் காணாமல் போகும். நான் கிடாரை எஃபெக்ட் இல்லாமலே பதிவு செய்கிறேன். மெட்டு ஒரு வடிவத்துக்கு வந்ததும், ஆம்ப் ஒலியோடு கூடிய இன்னொரு வேவ் கோப்பையும் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன். இடம் போதாது என்று அஞ்ச வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. மூன்று நிமிட மெட்டுகள் நாற்பது, ஒவ்வொன்றிலும் நான்கு டிராக் என்றாலும் மொத்தம் சுமார் 4 ஜிபிதான். ஒரு சாதாரண பென் டிரைவில் அடங்கும். நான் இரண்டில் வைத்திருக்கிறேன், ஒன்று அம்மா வீட்டில் இருக்கிறது.

விலை: ரீப்பரை 60 நாள் முழுமையாக ஓட்டிப் பார்க்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 60 டாலர், தொழில்முறையில் பெரிய வருமானம் வருபவர்களுக்கு 225 டாலர். ஒருமுறை வாங்கினால் அடுத்த முழுப் பதிப்பின் இறுதிவரை செல்லும். 60 நாள் முடிந்தபின்னும் அது கதவைச் சாத்துவதில்லை, தொடக்கத்தில் நினைவூட்டிவிட்டுத் திறக்கும். அந்தப் பெருந்தன்மைக்காகவே நான் காசைக் கட்டினேன்.

மேக் இருக்கிறது, பாடலை இந்த வாரமே நண்பர்களுக்குக் கேட்கத் தர வேண்டும் என்றால் கேரேஜ்பேண்டையே எடுங்கள். தங்கை இன்னும் அதில்தான் இருக்கிறாள், அவளை மாற்ற நான் முயலவில்லை. மாதம் ஒருமுறை அவள் தன் டிராக்குகளை ஒவ்வொன்றாக வேவ் கோப்பாக எடுத்து அனுப்புகிறாள். வேகம், தாளம், கேப்போ எந்த ஃபிரெட்டில் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் வந்த கோப்பின் பெயரில் கடைசியாக ஒரு சொல் சேர்த்திருந்தாள்: 'முடியவில்லை'. அது சரணம் இன்னும் முடியவில்லை என்பதற்கான குறிப்பு. அந்தச் சரணத்தைத்தான் இந்த வாரம் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.