புல்லிக்குக் கீவே வெட்ட வாங்கிய ப்ரோச் பெட்டி

புல்லியை மோட்டரின் சுழல்தண்டான ஷாஃப்டோடு பிணைக்கிற சிறிய இரும்புத் துண்டு கீ, அது இருக்கப் புல்லித் துளையின் சுவரில் வெட்டுகிற தவாளிப்பு கீவே, அதை வெட்டுகிற நீண்ட பற்கோல் ப்ரோச். நான் வாங்கின பெட்டியில் 4, 5, 6, 8 மி.மீ. என்று நாலு ப்ரோச், துளைக்குள் அவற்றை நேராகப் பிடிக்க ஒரு தொகுதி புஷ், ஆழத்தைக் கூட்ட முதுகுக்கு வைக்கிற ஒரு பிடி ஷிம் தகடு. பெயர் பொறிக்காத சீனத் தயாரிப்பு. கொழும்பிலிருந்து லொறியில் எடுப்பித்தேன். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய லேத்தும் 12 தொன் ஹைட்ரோலிக் பிரசும் வைத்து வேலை செய்கிறேன். விலை டொலரோடு ஏறி இறங்குவதால் இங்கே எழுதிப் பயனில்லை. ஆனால் 6, 8 இரண்டும் மட்டுமே போட்ட காசைத் திருப்பித் தந்துவிட்டன என்று நிச்சயமாகச் சொல்வேன். மற்ற இரண்டையும் ஷிம்களையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஏன் 6, 8 என்றால், என்னிடம் வருகிறவை பெரும்பாலும் தோட்டக் கிணற்றுப் பம்புகளும் மா அரைக்கும், தூள் இடிக்கும் மில்களும்தான். அவற்றின் மோட்டர் பிளேட்டில் பிரேம், அதாவது மோட்டர் உடலின் அளவெண், 80 என்று இருந்தால் ஷாஃப்ட் 19 மி.மீ., கீயின் அகலம் 6. பிரேம் 90 என்றால் ஷாஃப்ட் 24, கீ 8. 100, 112 இரண்டுக்கும் ஷாஃப்ட் 28, கீ அதே 8. எந்த நாட்டு மோட்டர் என்றாலும் மெற்றிக் பிரேம் என்றால் இந்த அளவு மாறாது. ஆகவே பிரேம் 80இலிருந்து 4 கிலோவாற் வரைக்கும் வருகிற சாதாரண மோட்டர் புல்லிகளுக்கு இந்த இரண்டு ப்ரோச்சும் காணும்.

இங்கே பழுதாகி வருகிற புல்லிகளில் நான் காண்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான். கிரப் ஸ்குறூ என்கிற தலையில்லாத சிறிய ஸ்குறூவை நம்பிக் கீயே இல்லாமல் இறுக்கியிருப்பார்கள், அல்லது கீவேயை அரத்தால் தேய்த்து எடுத்திருப்பார்கள். கீக்கும் கீவேக்கும் இடையில் மயிரளவு ஆட்டம் இருந்தாலும், மோட்டர் ஸ்டார்ட் ஆகிற ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியில் ஓர் அடி விழும். கீயின் விளிம்பு நசியும், ஆட்டம் கூடும், கடைசியில் ஷாஃப்டில் உள்ள கீவேயும் கிழியும். புல்லி மலிவு. ஷாஃப்ட் போனால் மோட்டரைக் கழற்றி ரோட்டரை வெளியே எடுக்க வேண்டும், அதற்கு ஆகிற செலவைக் கேட்டால் மில்காரருக்கு நித்திரை வராது.

இணுவிலில் மில் நடத்துகிற ஒரு அம்மா இப்படித்தான் ஒரு புல்லியோடு வந்தா. “தம்பி, கீயை மாத்தி மாத்திப் போட்டாச்சு, ரெண்டு கிழமை தாங்குதில்லை” என்றா. அளந்து பார்த்தேன். வாயில் 8 மி.மீ. அகலம், உள்ளே போகப் போக 8.4. கீ முன்பக்கத்தில் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது. புது வார்ப்பிரும்புப் புல்லி எடுத்து, லேத்தில் துளையை 24க்குப் பெருப்பித்து, இந்த ப்ரோச்சால் கீவே போட்டுக் கொடுத்தேன். போன மாரிக்கு முன் போட்டது, இன்றைக்கும் அதே கீயோடு ஓடுகிறது.

அதற்கு முன் லேத்திலேயே வெட்டிவந்தேன். ஸ்பிண்டிலைச் சுழலாமல் பூட்டிவிட்டு, போரிங் பாரில் வெட்டுமுனையைப் பக்கவாட்டில் கட்டி, அதைத் தாங்குகிற கரேஜை முன்னும் பின்னும் தள்ளுகிற முறை. ஒரு தள்ளுக்கு 0.05 மி.மீ. எடுத்தால் 3.3 மி.மீ. ஆழத்துக்கு 66 தள்ளு, பார் வளைந்து கொடுப்பதற்குச் சும்மா ஓட்டுகிற தள்ளுகள் வேறு. வேலை நடக்கும். ஆனால் அந்த அடியெல்லாம் கரேஜை நகர்த்துகிற பற்களான ரக்கும் பினியனும்தான் வாங்கும். லேத் என்பது என் சோறு, அதன் பல்லைத் தேய்த்துப் புல்லி செய்ய மனம் வரவில்லை. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு உளியாலும் அரத்தாலும் கீவே எடுத்து மண்ணெண்ணெய் எஞ்சின்களை ஓடவைத்த கைகள் இங்கே இருந்தன. அந்தக் கை எல்லாருக்கும் அமையாது, அமைந்தவர்களும் இப்போது குறைந்துபோனார்கள்.

ப்ரோச்சில் வேலை எப்படி என்றால்: துளைக்குள் புஷ், புஷ்ஷின் பிளவுக்குள் ப்ரோச், மேலிருந்து பிரஸ். பல்லுக்குப் பல் கொஞ்சம் உயரம் கூடிக்கொண்டு போவதால் ஒவ்வொரு பல்லும் ஒரு மெல்லிய சீவலை எடுக்கும். முதல் தடவை ஷிம் இல்லாமல், அடுத்த தடவை முதுகுக்கு ஒரு ஷிம், பிறகு இரண்டு. முதல் பல் கடித்தவுடன் பிரசை ஒருக்காத் தளர்த்திவிட வேண்டும். அப்போது ப்ரோச் தானாக நேராகும். இதைச் செய்யாமல் ஒரே மூச்சில் அமத்தினால் கீவே சரியும். ஒவ்வொரு தடவைக்கும் பிறகு பற்களைப் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும், பல்லிடுக்கில் சிக்கின ஒரு சீவல் போதும் சுவரைக் கீற. வார்ப்பிரும்பை உலர்ந்தபடி வெட்டலாம். உருக்கு என்றால் கட்டிங் ஒயில் தாராளமாக வேண்டும்.

ஆழத்தை ஷிம்மை நம்பி விடாதீர்கள். எதிர்ச்சுவரிலிருந்து கீவேயின் அடிவரைக்கும் வேர்னியரால் அளந்து பாருங்கள்: 19 துளைக்கு 21.8, 24க்கு 27.3, 28க்கு 31.3. என்னுடைய 8 மி.மீ. ப்ரோச் வெட்டின அகலம் 8.01, 6 மி.மீ. ப்ரோச் வெட்டினது 6.00. புல்லிக்குச் சொல்லப்பட்ட ஜே.எஸ். 9 என்கிற கூடுதல் குறைவு எல்லைக்குள் இரண்டும் நிற்கின்றன. கீயைப் பெருவிரலால் தள்ளினால் பாதி போகும், மீதி ஒரு சின்னத் தட்டோடு இருக்கும். முதல் புல்லியில் அந்தத் தட்டின் சத்தத்தைக் கேட்டபோதே பெட்டியின் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

இனிக் குறைகள். 5 மி.மீ. ப்ரோச் என் பெட்டியில் அளவு சிறியது, 4.95தான் வெட்டுகிறது. கீயைத் தேய்த்துத்தான் போட வேண்டும். 14 மி.மீ. ஷாஃப்ட் உள்ள சிறிய மோட்டர்களுக்கு 5 தேவைப்படும் என்பதால் இது எனக்கு உண்மையிலேயே மனக்குறை. 4 மி.மீ. ப்ரோச்சுக்கு இங்கே வேலை மிகக் குறைவு. ஷிம்கள் வெட்டின விளிம்பில் பிசிறோடு வந்தன, ஒன்று ஒரு முனையில் மெலிந்திருந்தது. அதைப் போட்டு வெட்டினால் கீவேயின் ஆழம் ஒரு பக்கம் கூடும். எண்ணெய்க்கல்லில் தேய்த்துச் சிலதைத் திருத்தினேன், மெலிந்ததை எறிந்துவிட்டுத் தகட்டில் புதிதாக வெட்டினேன். புஷ்கள் நல்லவை. என்றாலும் விட்டம் ஒன்று என்பதற்காக எந்தப் புஷ்ஷுக்குள்ளும் எந்த ப்ரோச்சும் போகாது, பிளவின் அகலமும் ஒத்துவர வேண்டும். வாங்க முன் இதை விற்கிறவரிடம் கேளுங்கள்.

அங்குல அளவுக்காரருக்கு இந்தப் பெட்டி உதவாது. 3/4 அங்குல ஷாஃப்டோடு வருகிற சிறிய பெற்றோல் எஞ்சின்களுக்குக் கீ 3/16, அதாவது 4.76 மி.மீ. அதற்கு மெற்றிக் 5ஐ வெட்டிவிட்டுச் சரி என்று கொடுப்பது அநியாயம். எங்கட ஊரில் இன்னும் ஓடுகிற பழைய லிஸ்டர் எஞ்சின்களின் பிளைவீலில் இருப்பது தலை வைத்த சரிவுக் கீ, 100க்கு 1 சரிவு. இந்த ப்ரோச் நேரான கீவேதான் போடும். ஒரு பக்கம் மூடின துளைக்கும் இது சரிவராது, ப்ரோச் மறுபக்கத்தால் வெளியே வந்தாக வேண்டும். இந்த வேலைகள் வந்தால் வெட்டுமுனையை மேலும் கீழும் ஓட்டி வெட்டுகிற சிலொட்டிங் மெஷின் உள்ள பட்டறைக்குத்தான் அனுப்புகிறேன்.

பிரசைப் பற்றியும் ஒரு சொல். 8 மி.மீ. ப்ரோச் கிட்டத்தட்ட ஓர் அடி நீளம், பிரசை அமத்துகிற ஜக்கின் ஓட்டமோ அதில் பாதி. இடையில் நிறுத்தி, மேலே கட்டை வைத்துத்தான் தொடர வேண்டும். அந்தக் கட்டையின் இரண்டு முகமும் லேத்தில் சமமாக்கினதாக இருக்கட்டும். ப்ரோச் கடினமான உருக்கு, வளையாது, முறியும், முறிந்தால் பறக்கும். கண்ணாடி போடுங்கள், நேரெதிரே நிற்காதீர்கள். கையால் அடிக்கிற ஜக் என்பதால் கரண்ட் போன நாளிலும் வேலை நிற்பதில்லை. பல் கடிக்கிற இறுக்கம் கைக்கே தெரியும், அதனால் மோட்டர் பிரசை விட இதையே விரும்புகிறேன்.

முழுப் பெட்டிக்குக் காசு சேர்க்கிறவர்கள், 6, 8 இரண்டையும் தனித்தனியாகத் தரமான இடத்தில் எடுத்து, புஷ்ஷை லேத்தில் தாங்களே கடைந்துகொள்ளலாம். நான் திரும்ப வாங்குவதென்றால் அப்படித்தான் வாங்குவேன். பிரேம் 132 மோட்டருக்கு 38 மி.மீ. ஷாஃப்டில் 10 மி.மீ. கீ வரும். அந்த ப்ரோச்சை எடுக்க முன் உங்கள் பிரசின் சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.