லாட்ஜ் ரூட்டரில் நேட் டேபிள் பார்க்க: சிஸ்கோவா, ஓப்பன்டபிள்யூஆர்டியா?

கன்னியாகுமரியில் அத்தான் நடத்தும் லாட்ஜில், கார்த்திகை மார்கழி சீசன் வந்துவிட்டால் விடியலில்தான் நெட் படுக்கும். ஐயப்ப பக்தர்கள் மொட்டை மாடியில் நின்று சூரிய உதயத்தை வீட்டுக்கு வீடியோ காலில் காட்டும் நேரம் அது. "மாப்ளே, நெட் போச்சு" என்று நாகர்கோவிலுக்கு போன் வரும். இங்கிருந்தே எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை அடிக்கும் பாதுகாப்பான வழி) வழியாக ரூட்டருக்குள் நுழைந்து நேட் டேபிளைப் பார்ப்பேன். உள்ளே எந்த போன் வெளியே யாரோடு இணைந்திருக்கிறது என்று ரூட்டர் வைத்திருக்கும் பட்டியல் அது. முதலில் இருந்தது பழைய சிஸ்கோ ரூட்டர். போன வருடம் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச லினக்ஸ் மென்பொருள்) போட்ட பெட்டிக்கு மாறினேன். திரும்பிப் போவதாக இல்லை.

பட்டியல் எடுப்பதில் பெரிய வித்தியாசமில்லை. அங்கே ‘ஷோ ஐபி நேட் டிரான்ஸ்லேஷன்ஸ்’, இங்கே ‘கான்ட்ராக்’ கட்டளையோடு பெரிய ‘எல்’. வாசிக்க சிஸ்கோதான் சுகம். உள்முகவரி, வெளிமுகவரி எல்லாம் பத்தி பிரிந்து நிற்கும்.

நடப்பதை நடக்கும்போதே பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிஸ்கோவில் அதற்கு ‘டீபக் ஐபி நேட்’. போய்வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதாவது தகவல் துண்டுக்கும், ஒரு வரி எழுதும். ஒரு விடியலில், கூட்ட நேரத்தில் அதைப் போட்டுத் தொலைத்தேன். திற்பரப்பு அருவி மாதிரி திரை கொட்டியது. நிறுத்த ‘அன்டீபக் ஆல்’ என்று அடித்தது என் கண்ணுக்கே தெரியவில்லை. மிச்சமிருந்த நெட்டும் நின்றது. தப்பு என்னுடையதுதான். கான்ட்ராக்கில் பெரிய ‘இ’ போட்டால், இணைப்பு பிறக்கும்போதும் நிலை மாறும்போதும் முடியும்போதும் மட்டும் ஒரு வரி. சின்ன ‘எஸ்’ சேர்த்து ஒரு ஐபியைக் கொடுத்தால் அந்த ஒரு போனின் கதை மட்டும் ஓடும்.

அப்புறம் காலாவதி, அதாவது சும்மா கிடக்கும் பதிவு எவ்வளவு நேரத்தில் பட்டியலிலிருந்து அழியும் என்பது. முறையாக முடிக்காமல் போன டிசிபி இணைப்பை (இரு முனையும் கைகுலுக்கித் தொடங்கும் வகை) சிஸ்கோ வழக்கமாக 24 மணி நேரம் வைத்திருக்கும். ஆள் அறையைக் காலி செய்து ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அவர் போனின் பதிவு காலி செய்திருக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் 7,440 விநாடி, அதாவது 2 மணி 4 நிமிடம். சிஸ்கோவிலும் இதைக் குறைக்கலாம்; நான்தான் செய்யாமல் விட்டேன்.

மைக்ரோடிக் ரூட்டரை நண்பர் கடையில் இரண்டு நாள் தொட்டதோடு சரி, அதனால் தீர்ப்பு சொல்லவில்லை.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் ஒரு தொல்லை: லாக், அதாவது நடந்ததைக் குறிக்கும் பதிவேடு, ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) இருக்கும், கரண்ட் போனால் அதுவும் போச்சு. இப்போது பின்னால் ஒரு பென் டிரைவ் செருகி, லாக்கை அதில் எழுத வைத்திருக்கிறேன்.