புதியது என்று மாட்டிய ஆயில் கூலர் என் இன்ஜினைத் தின்றுவிட்டது

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் கூலர், அதாவது இன்ஜின் ஆயிலைக் குளிரவைக்கும் சிறு ரேடியேட்டர், மாட்டுவது பற்றி யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த என் இன்ஜின் இப்போது பிரித்துப் போடப்பட்டு மேசைமேல் கிடக்கிறது.

என் கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் அறிமுகமான அந்த இரண்டு இருக்கைக் காரைப் பலருக்கும் தெரிந்திருக்கும். என்னுடையது ஆரம்ப ஆண்டுகளில் வந்த 1.6 லிட்டர் வண்டி. அந்த ஆண்டுகளின் கார்களில் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள் உண்மையான அளவைக் காட்டும். 1990-களின் நடுவில் அதை மாற்றி, அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்கிற முள்ளாக ஆக்கிவிட்டார்கள். என் காரில் பழைய முள் இருந்ததால்தான் இவ்வளவாவது சீக்கிரம் தெரிந்தது.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பந்தயத் தடத்தில் ஓட்டுவேன். மற்ற நாட்களில் சாதாரணச் சாலைதான். கூலர் வேண்டும் என்று நானாகக் கேட்கவில்லை. வழக்கமான ஆயில் மாற்றத்துக்குப் போன இடத்தில், பட்டறை உரிமையாளர் ஆயில் மட்டம் பார்க்கும் அளவுகோலை உருவி, முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆயில் தீய்ந்து போயிருக்கிறது சார், கூலர் இல்லாமல் இனிமேல் தடத்துக்குக் கொண்டு போகாதீர்கள்" என்றார். வெப்பமானி எதையும் அவர் வைத்துப் பார்க்கவில்லை. ஆயில் எத்தனை டிகிரிக்குப் போகிறது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. பழைய கார், அதன்மேல் உள்ள பாசம், கெட்டுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் அவர் காசாக்கினார்.

ஆயில் சூடாவது குற்றமில்லை. 90 முதல் 110 டிகிரி வரை இருப்பதுதான் நல்லது. ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாக வெளியேற அந்தச் சூடு வேண்டும். 130-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். சாலையில் மட்டும் ஓடும் காருக்குப் பெரும்பாலும் கூலரே தேவைப்படாது. தேவை என்றால், சூட்டுக்கு ஏற்ப வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டுடன்தான் மாட்ட வேண்டும். இன்ஜினுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் சாண்ட்விச் பிளேட் என்று ஒரு வட்டத் துண்டு உட்காரும். அதற்குள் தெர்மோஸ்டாட் இருந்தால், ஆயில் சுமார் 80 டிகிரியைத் தொடும்வரை கூலருக்குச் சிறிதளவே போகும். பிறகுதான் வழி முழுவதும் திறக்கும். இவை எல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

ரசீதில் 'புதிய ஆயில் கூலர், தெர்மோஸ்டாட் பிளேட், உயர் அழுத்தக் குழாய்' என்று எழுதியிருந்தது. வண்டியை எடுத்த அன்று ரேடியேட்டருக்கு முன்னால் கறுப்பாகப் பளபளவென்று கூலர் இருந்தது. ஸ்டார்ட் செய்தபோது இன்ஜினில் 'கடகட' என்று ஒரு சத்தம். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், ஐந்து விநாடி இருக்கும். காற்றுதான் சார், போய்விடும் என்றார்கள். காலியான குழாய்களிலும் கூலரிலும் ஆயில் நிறையும்வரை, இன்ஜினில் சுற்றும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகள் ஆயில் இல்லாமல் உரசின என்பதுதான் அதற்குப் பொருள். எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து அளவுகோலைப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே ஆயில். கூலரும் குழாய்களும் பிடித்துக்கொண்ட ஆயிலுக்கு ஈடாகக்கூட ஊற்றவில்லை. அன்றே திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும்.

குளிர் மாதங்களில் முள் மாறியது. முன்பெல்லாம் பத்து நிமிடம் ஓட்டினால் உயரத்திலிருந்து இறங்கி ஒரு நிலைக்கு வரும். இப்போது அரை மணி நேரம் ஓட்டியும் உச்சியிலேயே நின்றது. ஆயில் கெட்டியாகவே இருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உட்புறம் முழுவதும் வெளிறிய மஞ்சள் களிம்பு, விரலால் வழித்தால் வெண்ணெய் போல வந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் வருவது அது. இன்ஜினுக்குள் நீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று பதறி ரேடியேட்டர் நீரைப் பார்த்தேன். ஒரு சொட்டுக் குறையவில்லை, சுத்தமாகவும் இருந்தது. ஆயில் சூடேறாததால் ஈரம் வெளியேறாமல் உள்ளேயே தங்கியிருக்கிறது. வெப்பமானி வாங்கி வைத்துப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் 62 டிகிரி.

பட்டறைக்குப் போய்க் கேட்டால், "வெயில் காலத்துக்குத்தானே சார் கூலர், குளிர் காலத்தில் முன்னால் அட்டையை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். தெர்மோஸ்டாட் எங்கே என்றேன். உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்றார். அவர் முகத்தில் துளி தயக்கம்கூட இல்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், அதிகம் பேசாதவர். இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கையை வளைத்து விட்டு எடுக்க வேண்டிய இடத்தில் இந்தக் காரின் ஃபில்டர் இருக்கிறது. அவர் பொறுமையாக அதைக் கழற்றி, பிளேட்டையும் எடுத்து என் கையில் கொடுத்தார். அது வெறும் அலுமினிய வளையம். தெர்மோஸ்டாட் இருப்பதற்கான குழிகூட அதில் இல்லை. குழாய்கள் சாதாரண ரப்பர் குழாய்கள், முனையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற திருகு கிளாம்ப். ஒரு குழாய் தகட்டின் விளிம்பில் உரசி உரசி உள்நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அது வழியில் வெடித்திருந்தால் இன்ஜினில் இருக்கும் ஆயில் முழுவதும் சாலையில் கொட்ட அதிக நேரம் ஆகியிருக்காது.

பிறகு கூலரைக் கழற்றினார். உள்ளே கரைப்பான் ஊற்றிக் குலுக்கி, ஒரு வெள்ளைத் துணியின்மேல் கவிழ்த்தார். துணியில் கறுப்புத் திரவம் பரவியது. அது காயக் காய மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தது. சில துகள்கள் செதில் செதிலாக இருந்தன. கத்தி முனையால் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினார், அடியில் இன்னொரு பழைய பெயின்டும் நிமிர்த்திவிட்ட தகடுகளும். "தம்பி, இது ஏற்கெனவே ஒரு இன்ஜினோடு செத்த கூலர்" என்றார்.

இன்ஜின் உடைந்த காரிலிருந்து எடுத்த கூலரை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. உள்ளே குறுகிய பாதைகள் நூறு மடிப்பாக ஓடுகின்றன, தேய்ந்த உலோகம் அங்கே ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் வெளியே வராது. சூடான ஆயில் அழுத்தத்தோடு ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டு வரும்.

கூலரிலிருந்து திரும்பும் ஆயில் ஃபில்டரைக் கடந்துதானே பேரிங்குக்குப் போகிறது, அங்கே நின்றுவிடாதா என்று கேட்டேன். ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துக் காட்டினார். மடிப்புக்கு மடிப்பு மினுக்கம். நிறையப் பிடித்திருந்தது. ஆனால் ஆயில் கெட்டியாக இருந்து தாளைக் கடக்க முடியாதபோது, இன்ஜின் பட்டினி கிடக்கக் கூடாதென்று ஃபில்டருக்குள் ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை நேரே உள்ளே அனுப்பும். தெர்மோஸ்டாட் இல்லாததால் என் ஆயில் கெட்டியாகவே இருந்த நேரம் அதிகம். ஒரு ஏமாற்று வேலை இன்னொரு ஏமாற்று வேலைக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அடிப்பகுதியைத் திறந்து கனெக்டிங் ராடு பேரிங்குகளை எடுத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். கண்ணாடி போல இருக்க வேண்டிய பரப்பில் சுற்றிலும் கோடுகள். நகத்தை வைத்து இழுத்தால் சிக்கியது. அந்த பேரிங்குகளுக்குள் சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும் சாணை பிடிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். தடத்தில் ஓட்டினால் இன்ஜின் போகத்தான் செய்யும் என்கிறார். கூலர் மாட்டிய பிறகு நான் ஒருமுறைகூடத் தடத்துக்குப் போகவில்லை. கூலர், குழாய், ஃபில்டர், பேரிங் எல்லாவற்றையும் ரசீதோடு சேர்த்துப் படம் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நுகர்வோர் புகாரும் எழுதிவிட்டேன்.

பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்காமல் மாட்டிய கூலர் உங்கள் காரில் இருந்தால், ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் ஃபில்டரைக் கழற்றி வெட்டி, தாளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மினுக்கம் தெரிந்தால் இழுவை வண்டியில்தான் காரை எடுத்துப் போக வேண்டும். நல்ல மெக்கானிக்கின் வீடு பக்கத்துத் தெருவாகவே இருந்தாலும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.