அடியும் அதிர வேண்டும், கிளீனும் பாட வேண்டும்: ஜேபி–59 ஜோடி

என் மஹோகனி கிட்டாரோடு வந்த பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்கள்) டிஸ்டார்ஷனை, அதாவது கரகரப்பை, ஏற்றியதுமே குழம்பிவிடும். ஆறாவது கம்பியை டி (D) ஸ்வரத்துக்கு இறக்கி வாசித்தால் எது எந்த ஸ்வரம் என்று பிரித்துக் கேட்கவே முடியாது. எனக்கு மெட்டலும் வேண்டும், மெதுவான பாட்டுக்குச் சுத்தமான ஒலியும் வேண்டும். அதனால் சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி பிக்கப்பை பிரிட்ஜிலும் (கம்பிகள் முடியும் பக்கம்) 59 பிக்கப்பை நெக்கிலும் (கழுத்துப் பக்கம்) மாட்டினேன்.

இரண்டிலும் அல்நிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம்தான். வித்தியாசம் கம்பிச்சுற்றில்: ஜேபியின் மின்தடை 16 கிலோ ஓமுக்கு மேல், நெக் 59-இல் ஏறக்குறைய ஏழரை. எவ்வளவு டிஸ்டார்ஷன் வைத்தாலும் ஜேபியில் கார்டின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துக் கேட்கிறது, லீட் வாசிக்கும்போது பாடகர் முன்னால் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. மேப்பிள் மாதிரி கூர்மையான ஒலி தரும் மரம் என்றால் ஜேபியின் மேல் மிட் (நடு அலைவரிசையின் மேல்பகுதி) காதைக் குத்தலாம். 500-க்குப் பதில் 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (ஒலியளவுக் குமிழின் மின்தடை) போட்டால் அடங்கும். பி (B) வரைக்கும் இறக்கி வாசிப்பவர்களுக்கு இறுக்கமான ஒலி தரும் செராமிக் காந்தப் பிக்கப்தான் சரி.

59-ஐப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வால்யூமை ஆறுக்குக் குறைத்து விரலால் மீட்டினால் மணி போல ஒலிக்கிறது!

அப்புறம், நான்கு வயர் வகையாகவே வாங்குங்கள். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துப் புஷ்-புல் பாட்-இல் (இழுத்தால் சுவிட்சாக வேலை செய்யும் குமிழ்) பற்றவைத்தேன். குமிழை இழுத்தால் பிக்கப்பின் இரண்டு காயில்களில் (சுருள்களில்) ஒன்று மட்டும் வேலை செய்து, ஒலி மெலிந்து பளிச்சென்று வருகிறது. டிமார்சியோ நிறுவனப் பிக்கப்புகளில் வயர் நிறங்களின் கணக்கே வேறு, வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.