சொந்த பாட்டு பிளேயர்: லினக்ஸ் மாறும்போது எந்த வழி தாங்கும்?

கல்லடியிலோ கல்முனையிலோ திருவிழா ஒலிபெருக்கிச் சேவைக்கென்று கையால் எழுதிய பிளேயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுதியது பைத்தன் மொழியில், திரைக்கு ஜி.டி.கே 3, ஒலிக்கு ஜிஸ்ட்ரீமர். உபுண்டு லினக்ஸின் 22.04 வெளியீட்டில் ஓடியது, 24.04 போட்டதும் திறக்க மறுக்கிறது. பாட்டை ஒலிக்கவைக்கும் பகுதியில் பெரும்பாலும் பழுது இருக்காது. 22.04இல் பைத்தன் 3.10, 24.04இல் 3.12. நிரலுக்கெனத் தனியாக வைத்த பழைய வென்வ் சூழலின் பொதிகள் 3.10 என்ற கோப்புறையில் கிடக்கும், புதிய பைத்தன் 3.12ஐத் தேடி வெறுங்கையோடு திரும்பும். பொதி கட்டப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் நூலகமும் 3.12இல் நீக்கப்பட்டுவிட்டது. பைத்தன் பொதிகளை இறக்கும் பிப் கட்டளையை நேரடியாகக் கொடுத்தால் கணினியே மறித்துவிடும்.

இதற்கு நான்கு வழிகள். முதல் வழி, எதையும் தொடாமல் விடுவது. இணையமே இல்லாமல் மிக்சரோடு மட்டும் இணைந்திருக்கும் மடிகணினிக்கு இது போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. உலாவியும் அதிலேயே என்றால் கதை வேறு: 22.04இன் வழமையான பாதுகாப்புத் திருத்தம் 2027 வரைதான்.

இரண்டாவது, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நிரலைத் திருத்துவது. பைத்தன் சிக்கல் அரை மணி வேலை. பைத்தனையும் ஜி.டி.கேயையும் இணைக்கும் பைஜிஆப்ஜெக்டைப் பிப்பால் இறக்காமல் உபுண்டுவின் பொதிக் கருவியான ஆப்ட் மூலம் போட்டு, கணினியின் பொதிகளையும் பார்க்கும் தெரிவோடு வென்வை அழித்துப் புதிதாக உருவாக்கினால் முடிந்தது. எம்பி3 பாடி எம்4ஏ மட்டும் பாடாவிட்டால் ஜிஸ்ட்ரீமரின் லிபாவ் பொதி விடுபட்டிருக்கும். உண்மையான செலவு ஜி.டி.கே 4க்குத் தாவுவதில். ஜி.டி.கே 3இல் பழகிய பேக்-ஸ்டார்ட், ஷோ-ஆல், டயலாக்-ரன், ட்ரே ஐகான் எல்லாம் அங்கே இல்லை. பாட்டுப் பட்டியலைக் காட்டும் ட்ரீவியூ 4.10 முதல் கைவிடப்படும் பட்டியலில். ஜி.டி.கே 3 இன்னும் டெபியன் 13 லினக்ஸிலும் இருப்பதால் இப்போதே ஓட அவசரமில்லை.

மூன்றாவது, நூலகங்களையும் சேர்த்துப் பொதி கட்டுவது. எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும் ஆப்இமேஜ் என்றால், ஆதரிக்க வேண்டிய மிகப் பழைய வெளியீட்டில் கட்ட வேண்டும். நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 24.04இல் 2.39, 22.04இல் 2.35. புதியதில் கட்டியது பழையதில் ஓடாமல் போகும், பழையதில் கட்டியது புதியதில் பொதுவாக ஓடும். பல ஆப்இமேஜ்கள் திறக்கத் தேவைப்படும் லிப்ஃபியூஸ்2 24.04இல் இயல்பாக இராது, பொதியின் பெயரும் 'டி64' என்ற வாலோடு மாறியிருக்கிறது. பென் டிரைவில் கொடுத்து அனுப்பினால் அங்கேயே இயக்கப் பார்ப்பார்கள். ஃபேட்32இல் இயக்க அனுமதி நிற்காது. ஹோமுக்குப் பிரதியெடுத்து, இயக்க அனுமதி கொடுத்த பிறகே திறக்கும். நிரலைத் தனிக் கூண்டுக்குள் ஓட்டும் பிளாட்பேக் இதைவிட நேர்த்தி. ஆனால் முதல் தடவை அது கேட்கும் பொது நூலகத் தொகுதியான ரன்டைமுக்கே நூற்றுக்கணக்கான எம்பி, மொபைல் டேட்டாவில் அது கைசுடும். மீடியா கோப்புறைக்கு அனுமதி எழுதாவிட்டால் பென் டிரைவில் உள்ள பாட்டே தெரியாது.

நான்காவதுக்குத்தான் எங்கள் வாக்கு: ஒலியைப் பின்னணியில் ஓடும் இசைச் சேவையான எம்.பி.டியிடம் விட்டுவிட்டு, நம் நிரலை வெறும் முகமாகச் சுருக்குவது. எம்.பி.டி 2003 முதல் இருக்கிறது. 6600ஆம் போர்ட்டில் வெற்று உரையில் பேசும். லினக்ஸின் ஒலி அமைப்பாகப் பல்ஸ்ஆடியோ போய்ப் பைப்வயர் வந்தபோது மாற வேண்டியது அமைப்புக் கோப்பில் ஓர் வரி மட்டும். முகம் உடைந்தாலும் பாட்டு நிற்காது. திருவிழா நடுவில் இதன் அருமை தெரியும்.

சிக்கும் இடங்கள் மூன்று. ஆப்ட் மூலம் போட்டதும் எம்.பி.டி தன் சொந்தப் பயனராக ஓடத் தொடங்கும். அந்தப் பயனரால் உங்கள் ஹோம் கோப்புறையைப் படிக்கவும் முடியாது, பைப்வயரோடு பேசவும் முடியாது. ஆகவே கணினி அளவிலான சர்வீஸையும் சாக்கெட்டையும் முடக்கிவிட்டு, பயனர் அளவில், சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸாக ஏற்றுங்கள். அடுத்தது, ஒரு நிமிடம் பேசாத இணைப்பை எம்.பி.டி துண்டித்துவிடும். 'ஐடில்' கட்டளையில் காத்திருக்கும்படி எழுதினால் இணைப்பும் நிற்கும், பாட்டு மாறியதும் செய்தியும் வரும். கடைசியாக, பென் டிரைவ் பாட்டுகள். இசைக் கோப்புறைக்குள் பென் டிரைவைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் வைத்து, 'அப்டேட்' கட்டளை அனுப்பினால் போதும்.

எந்த வழியில் போனாலும் தமிழ்ப் பெயர்களில் ஒரு பொறி உண்டு. 'கொ'வின் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் என்.எஃப்.சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஐடி3 டேக்குகளை (பாட்டுக் கோப்பிலேயே பதியும் பெயர் விவரங்களை) பிளேயருக்குள் மாற்ற முயல வேண்டாம். அதற்கெனத் தனி ஸ்கிரிப்ட் எழுதி, பாட்டுகளைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, ஒரே தடவை கோப்பிலேயே யூனிகோடாக்கிவிடுங்கள்.