செவன் ரகக் காருக்கு ஸ்பேர்: புதுப்பேட்டையில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு கடை

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூகுள் மேப்பில் தேடினால் கிடைக்காது. எழும்பூர் பக்கமிருந்து புதுப்பேட்டைக்குள் வந்து, கூவம் பக்கம் திரும்பும் சந்துகளில் ஒன்றில், கார் கதவுகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் கடைக்கும் சைலன்சர் தொங்கவிட்டிருக்கும் கடைக்கும் நடுவே, எட்டடி அகலத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு மர ஸ்டூல், உள்ளே கூரை வரைக்கும் சாக்கு மூட்டைகள். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். இரண்டு வருஷமாக என் காருக்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி இங்கேதான் வாங்குகிறேன். இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்கள் சென்னையில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள், அவர்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கார் என்னவென்றால், லோட்டஸ் செவன் என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரியில் கோயம்புத்தூரில் ஒருவர் சொந்தமாகக் கட்டிய இரண்டு சீட் கார். சதுரக் குழாய்களை வெல்டு செய்த சேசிஸ், மேலே அலுமினியத் தகடு, மூக்கும் மட்கார்டும் ஃபைபர். கதவும் இல்லை, கூரையும் இல்லை. எடை மேடையில் ஏற்றியபோது 540 கிலோ வந்தது, அதாவது மாருதி 800-ஐவிட நூறு கிலோவுக்கும் மேல் குறைவு. எஞ்சினும் கியர்பாக்ஸும் மாருதி ஜிப்சியுடையவை, பின் ஆக்சில் மாருதி ஆம்னியுடையது. ரோட்டில் ஓட்ட இதற்கு ஆர்சி கிடையாது. ஃபிளாட்பெட்டில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கொண்டு போய் ஓட்டுவது மட்டும்தான். பழைய ஜிப்சி ஆர்சியை வைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது, 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்துவிட்டது.

சரி, ஸ்பேர் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கின புதிதில் நான் செய்த தப்பு, எது உடைந்தாலும் இங்கிலாந்தில் கிடைக்குமா என்று பார்த்ததுதான். நூறு ரூபாய் சாமானுக்கு கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போகும், வருவதற்குள் ஒரு சீசன் முடிந்துவிடும். செவன் என்ற காருக்கு என்று தனியாகச் செய்த பாகம் மிகக் குறைவு என்பது எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. 1957-ல் லோட்டஸின் நிறுவனர் காலின் சாப்மன் அதைக் கொண்டுவந்தபோதே சேசிஸையும் பாடியையும் தன்னுடையதாகச் செய்துவிட்டு, மற்றதில் பெரும்பகுதியை ஃபோர்டு, ஸ்டாண்டர்டு போன்ற கம்பெனிகளின் சாதாரணக் கார்களிலிருந்துதான் எடுத்தார். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அப்போது இங்கிலாந்தில் பர்ச்சேஸ் டாக்ஸ் கிடையாது என்பதால் நிறையப் பேர் கிட்டாகவே வாங்கினார்கள். 1973-ல் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் கம்பெனியும் அதே வழியில்தான் போனது. ஆகவே கையில் இருக்கும் பாகம் உண்மையில் எந்தக் காரின் பாகம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கேதான் சென்னைக்காரர்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. செவனின் முன் சக்கர அப்ரைட், அதாவது சக்கரத்தின் ஸ்டப் ஆக்சிலைத் தாங்கி நிற்கும் அந்தச் செங்குத்து இரும்பு, டிரயம்ஃப் என்ற இங்கிலாந்து கார் கம்பெனியின் பாகம். அந்தக் கம்பெனியின் ஹெரால்டு காரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 1961-லிருந்து சுமார் பத்து வருஷம் நம்ம ஊரில், வண்டலூர் பக்கம் செய்துகொண்டிருந்தார்கள். என் அப்பா வேலை செய்த ஆபீஸ் மேனேஜரிடம் ஒரு வெள்ளை ஹெரால்டு இருந்ததாம், பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகத் தூக்குவார்கள் என்று இப்போதும் சொல்வார். என் காரைக் கட்டியவர் அந்த ஹெரால்டு அப்ரைட்டைத்தான் போட்டிருந்தார், எனக்கு அது தெரியாது. பாய்தான் பார்த்தவுடன் சொன்னார்.

அந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிராக்கில் மூன்றாவது கார்னரில் ஸ்டீயரிங் கனமாகத் திரும்பியது, திரும்பினால் நேராக வர மறுத்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் டொக் டொக் என்று சத்தம். கழற்றிப் பார்த்தால், அப்ரைட்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கிறது, அது ஒரு பிராஸ் பீஸுக்குள் திருகி இறங்குகிறது, ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அந்த பிராஸ் பீஸுக்கு டிரனியன் என்று பெயர். முன்னால் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் நிப்பிளில் நன்றாக கிரீஸ் அடித்து வைத்திருந்தார். கிரீஸ் இறுகிப் போய் அடி வரைக்கும் இறங்கவே இல்லை, கீழே தண்ணீர் தங்கி மரை துருப்பிடித்திருந்தது. இதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, கியர்பாக்ஸுக்கு ஊற்றும் இபி 90 ஆயில். ஹெரால்டு காலத்து மெக்கானிக்குகளுக்கு இது தெரியும், அதற்குப் பின் வந்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஆயில் போகாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் அப்ரைட் மரையோடு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நான் அந்த நிலைக்கு எவ்வளவு கிட்டத்தில் இருந்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த பீஸைப் பையில் போட்டுக்கொண்டு புதுப்பேட்டையில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன், எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பாய் மட்டும் கையில் வாங்கி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹெரால்டு தம்பி. இடது பக்கமா, வலது பக்கமா?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. ஒரு பக்கத்துக்கு வலது மரை, இன்னொரு பக்கத்துக்கு இடது மரை, மாற்றி வாங்கினால் ஏறாது என்று விளக்கினார். அப்புறம் உள்ளே போய் அரை மணி நேரம் மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார், உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி நான்கு டிரனியன்கள், பழைய ஸ்டாக், போடாதவை. ஜோடி 3,500 ரூபாய் சொன்னார், நான் பேரம் பேசவில்லை. அப்ரைட்டுக்கும் ஒரு ஜோடி வைத்திருந்தார், ஆனால் அவை கழற்றியவை. "இதை அப்படியே போடாதே தம்பி. அம்பத்தூர்ல குடுத்து டை ஊத்திப் பாரு, விரிசல் இருந்தா கொண்டா, காசைத் திருப்பித் தர்றேன்" என்றார். கொடுத்துப் பார்த்தேன். சிவப்பு டை தடவித் துடைத்ததும் ஒன்றின் மரை ஆரம்பிக்கும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. திரும்பிக் கொண்டு போனேன், ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து வேறொன்று தேடி வைத்திருந்தார். சொன்ன சொல்லை இப்படிக் காப்பாற்றிய ஒரு பழைய சாமான் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பூட்டும்போது கவனிக்க ஒன்று: டிரனியனை முழுசாக அடி வரை ஏற்றிவிட்டு ஒரு சுற்றாவது பின்னால் விட வேண்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் கடைசி வரை திரும்பும்போது மரை இடித்து நிற்கும்.

பாயிடம் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அவர் எதை விற்க மறுக்கிறார் என்பது. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், ஸ்டீயரிங் பால் ஜாயிண்ட், இதெல்லாம் பழசு கேட்டால் தர மாட்டார். என் காரின் பிரேக் முழுக்க மாருதி 800 பாகங்கள்தான், ஆகவே ஜிபி ரோட்டுக்குப் போய் புது சாமான் வாங்கச் சொல்லிவிடுவார். அங்கே அரை மணி நேரத்தில் எல்லாம் கிடைத்துவிடுகிறது, கம்பெனி பாக்கெட்டோடு, பில்லோடு. ஜிபி ரோட்டைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, பார்க்கிங்குக்குச் சுற்றும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்னி ஆக்சிலா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: 2013-ல் கேட்டர்ஹாமே தன் 160 மாடலில் சுசுகியின் 660 சிசி டர்போ எஞ்சினையும் சுசுகியின் பின் ஆக்சிலையும்தான் போட்டது. எடை குறைந்த காருக்கு அது போதும். ஆம்னியை 2019-ல் நிறுத்திவிட்டாலும் சாமான் இன்னும் குவிந்து கிடக்கிறது. எனக்கு வந்த தொந்தரவு வலது பக்க ஆக்சில் சீல் கசிந்து டிரம்முக்குள் ஆயில் இறங்கியது, பிரேக் போட்டால் கார் ஒரு பக்கம் இழுத்தது. சீலும் பேரிங்கும் புதுசு, பிரேக் ஷூவும் புதுசு, ஆயில் குடித்த ஷூவைக் கழுவிப் போடாதீர்கள்.

ஏமாந்த கதையும் ஒன்று இருக்கிறது. சஸ்பென்ஷன் ஆர்முக்கு ராட் எண்ட், அதாவது கம்பி முனையில் பந்து மூட்டு உள்ள பீஸ், நான்கு, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், படத்தில் பிரபல பிராண்டின் பெயர் பொறித்திருந்ததை நம்பி ஆர்டர் செய்தேன். வந்த பீஸில் பிராண்ட் எழுத்து நகத்தால் சுரண்டினால் போனது, இரண்டு டிராக் நாளிலேயே பந்து உள்ளே ஆடியது. பணம் திரும்பவில்லை. அதற்கப்புறம் பாரிமுனை பேரிங் கடைகளில், கையில் பிடித்து ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ரப்பர் பூட் தனியாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள், திருவான்மியூர் மாதிரி கடற்கரை ஓரம் காரை நிறுத்துபவர்கள் கட்டாயம் போட வேண்டும், உப்புக் காற்றில் பூட் இல்லாத ராட் எண்ட் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. அங்கேயே ஹெரால்டு பாகங்களுக்கு வேண்டிய யுஎன்எஃப் என்ற இஞ்ச் அளவு மரை போல்ட்டும் கேட்டு வாங்கலாம். என் காரில் முன்னால் இஞ்ச் மரை, பின்னால் மெட்ரிக் மரை. இரண்டும் கலந்து ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு நாள் தப்பான நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கி மரையைக் கெடுப்பீர்கள், தனித்தனி டப்பாவில் வையுங்கள். கழற்றிய நைலாக் நட்டை, அதாவது உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைத் திரும்பப் போடவே வேண்டாம்.

கடையின் குறைகளையும் சொல்கிறேன். சின்னச் சாமானுக்கு பில் தர மாட்டார். போனில் கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மாட்டார், "பழைய பீஸை எடுத்துட்டு வா, அது இல்லாம எதைப் பாத்து குடுக்கிறது?" என்பார். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் போகாதீர்கள், சாத்தியிருக்கும். மழை பெய்தால் சந்தில் முழங்கால் தண்ணீர். நம்பர் பொறித்த எஞ்சின் வாங்குவதானால் இந்தச் சந்தில் எந்தக் கடையாக இருந்தாலும் கழித்த வண்டியின் பேப்பர் இல்லாமல் வாங்காதீர்கள். பாய் அதைக் கேட்காமலேயே எடுத்துக் காட்டுவார், மற்ற கடைகளில் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கடைசியாகப் போன மாதம் போயிருந்தேன். ஸ்டீயரிங் ராக்கில் நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, அதுவும் ஹெரால்டுடையதாக இருக்குமோ என்று கேட்டேன். கழற்றிக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். பிஸ்கட் டப்பாவில் மிச்சமிருந்த இரண்டு டிரனியன்களையும் யாருக்கும் கொடுக்காமல் எனக்காக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார், அவற்றை அன்றைக்கே வாங்கி வந்துவிட்டேன்.